காயம் ஆறுமுன் ஆறு மாதம்

2022 மார்ச் 26, சனிக்கிழமை இரவு. நிச்சயதார்த்தத்துக்காகத் தர்மாவரத்திலிருந்து உறவினர்களை ஏற்றிக்கொண்டு வந்த தனியார் பேருந்து, திருப்பதிக்குச் சற்று முன்னால் பாகராப்பேட்டை மலைப்பாதையில் நிலைதடுமாறிப் பள்ளத்தில் உருண்டது. ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 40 பேருக்கும் மேல். இரவோடு இரவாக அவர்கள் திருப்பதி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அவர்களில் பலரின் கட்டுகூடப் பிரிக்கப்படாத நிலையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஏப்ரல் 4-ம் தேதி ஆந்திராவில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு, சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி அது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 1-ம் தேதி, சத்தமில்லாமல் நாடு முழுவதற்கும் வந்தது இன்னொரு மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில், 27 ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட மூன்றாவது உட்பிரிவு திரும்பி வந்தது. விபத்து நடந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்யாத நஷ்டஈட்டு மனுவை ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

பாகராப்பேட்டைப் பேருந்து கவிழ்ந்த நாளில் அப்படி ஒரு கெடு சட்டத்தில் இல்லை. அதே பேருந்து ஒரு வாரம் தாமதித்துக் கவிழ்ந்திருந்தால், அக்டோபர் முதல் வாரத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.

இந்தக் கெடுவுக்கு நீண்ட கதை உண்டு. 1939-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 6 மாத வரம்பு இருந்தது. ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் டிரிப்யூனல் மன்னிக்கலாம். அந்த இடத்துக்கு வந்த 1988 சட்டம் 1989 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தபோது கதவு குறுகியது. காரணம் காட்டினாலும் 12 மாதத்துக்கு மேல் கிடையாது என்றது. விபத்தில் கணவனை இழந்து, வக்கீலையே பார்த்திராத பெண்ணுக்கும் அதே கணக்கு. எலும்பு கூடாமல் மூன்றாவது அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவருக்கும் அதே கணக்கு. ஒரு சில நாள் தாமதத்துக்காகவும் மனுக்கள் தள்ளுபடியாயின.

1994-ல் நாடாளுமன்றம் அந்த உட்பிரிவையே நீக்கியது. நவம்பர் 14 முதல் காலவரம்பு இல்லாமல் போனது. அதற்கு முன் நடந்து, அப்போதும் நிலுவையில் இருந்த வழக்குகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல் 2022 மார்ச் முடிய, விபத்து வழக்கில் ‘நாள் கடந்துவிட்டது’ என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியவில்லை.

அப்படியானால் 2019-ல் திருத்தம் கொண்டுவந்து, கெடுவைத் திரும்ப அழைத்தது ஏன்? மறுதரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1977-ல் நடந்த விபத்துக்கு 2005-ல், 28 ஆண்டுகள் கழித்து, மனு போட்டவர்கள் உண்டு. கெடு இல்லை என்பதற்காக இவ்வளவு பழைய மனுவை ஏற்க முடியாது, நியாயமான காலத்துக்குள் வர வேண்டும் என்று அந்த வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆண்டுகள் ஓடிவிட்டால் சாட்சி கிடைப்பதில்லை, போலீஸ் கோப்பு கிடைப்பதில்லை. மோதிய வண்டிக்குப் பதிலாக இன்ஷூரன்ஸ் உள்ள வேறொரு வண்டியைக் காட்டும் மோசடியும் சுலபமாகிறது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. கம்பெனிகளின் புகார் முழுக் கற்பனை அல்ல.

ஆனால் 2019 திருத்தம் பழைய கெடுவைவிடக் கடுமையானது. 1939 சட்டத்தில் இருந்த மன்னிப்பும் இல்லை, 1988 சட்டம் கொடுத்த கூடுதல் 6 மாதமும் இல்லை. அதற்கு ஈடாகச் சட்டம் இன்னொரு வழியை வைத்திருக்கிறது. விபத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரியே 3 மாதத்துக்குள் அறிக்கை தயாரித்து டிரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 விதிகள் இதற்கு நாள் குறித்தன: முதல் தகவல் 48 மணி நேரத்தில், இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான அறிக்கை 90 நாளில். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இவற்றைப் பின்பற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டு, காவல் நிலையங்களில் இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்றது.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. அறிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் காயமடைந்தவர் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. சேராவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான், ஸ்டேஷனுக்கு அல்ல. அறிக்கை போனதா என்று விசாரிக்க வேண்டியவர் அப்போது பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறார்.

மொகிலி மலைப்பாதை இதற்கு உதாரணம். 2024 செப்டம்பர் 13 அன்று திருப்பதியிலிருந்து பெங்களூரு சென்ற ஆந்திர அரசுப் பேருந்து, சித்தூர் மாவட்டம் பங்காருபாளையம் அருகே லாரியுடன் மோதியது. குறைந்தது ஏழு பேர் இறந்தனர். சுமார் 30 பேர் காயமடைந்தனர். சட்டத்தின் எழுத்துப்படி அவர்களுக்கான கெடு 2025 மார்ச் நடுவில் முடிந்தது. தொடை எலும்பு முறிந்தவருக்கு ஆறு மாதம் என்பது ஊன்றுகோலைக் கீழே வைக்கும் காலம். நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொல்ல அதற்கு மேலும் ஆகலாம்.

இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2025 நவம்பர் 7 அன்று நீதிபதிகள் அரவிந்த் குமார், என்.வி. அஞ்சாரியா அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 6 மாதம் கடந்துவிட்டது என்பதற்காக எந்த மனுவையும் டிரிப்யூனல்களோ உயர் நீதிமன்றங்களோ தள்ளுபடி செய்யக் கூடாது என்பது உத்தரவு. கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பல்ல. சட்டப் பிரிவை அது ரத்து செய்யவில்லை. இறுதியில் கெடு செல்லும் என்று தீர்ப்பானால் தாமதமாக வந்தவர்கள் கதி என்ன என்பதும் அந்தத் தீர்ப்பைப் பொறுத்தது. புதிதாக விபத்தில் சிக்கியவர் இந்த உத்தரவை நம்பி நாள் கடத்துவது விவேகமல்ல.

நாள் கடந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு தவறான எண்ணங்கள்.

முதலாவது, டிரைவர் மீதான கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பது. இரண்டும் வேறு வேறு. தண்டனை கிடைத்தால்தான் நஷ்டஈடு என்பது இல்லை. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; டிரிப்யூனலுக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது, சிகிச்சை முடிந்து எல்லா பில்லும் கைக்கு வந்த பிறகு போகலாம் என்பது. எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், வண்டியின் பதிவு எண், இன்ஷூரன்ஸ் விவரம் இருந்தால் மனு போட்டுவிடலாம். பிந்தைய பில்களையும் ஊனச் சான்றிதழையும் விசாரணையின்போது சேர்க்கலாம்.

மூன்றாவது, யார் மீது தவறு என்று தெரிந்த பிறகு போடலாம் என்பது. பேருந்தும் லாரியும் மோதினால், பேருந்துக்குள் உட்கார்ந்திருந்த பயணி அதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. இரு தரப்பையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரு தரப்பும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு.

நான்காவதுதான் தமிழர்களை அதிகம் தடுப்பது: விபத்து நடந்தது ஆந்திராவில், வழக்குக்கும் அங்கேதான் அலைய வேண்டும் என்ற நினைப்பு. வேலூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ திருமலைக்குப் போய், வழியில் அடிபட்டுத் திரும்பும் குடும்பம், மொழி தெரியாத கோர்ட்டை நினைத்தே பின்வாங்கிவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகியவற்றில் எந்த டிரிப்யூனலிலும் மனு போடலாம். வேலூர்க்காரர் வேலூரிலேயே போடலாம். விபத்து நடந்த ஊருக்கு வழக்கை மாற்றக் கேட்ட வாகன உரிமையாளரின் மனுவை 2023-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. சித்தூர் பக்கம் இதே வழக்குக்கு ‘எம்.வி.ஓ.பி.’ என்று எண் விழும், தமிழ்நாட்டில் ‘எம்.சி.ஓ.பி.’ பெயர்தான் வேறு, சட்டம் ஒன்று.

ஊருக்குத் திரும்பும் முன் ஒரு வேலை மட்டும் முடிந்திருந்தால் நல்லது. விபத்து எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது, குற்ற எண் என்ன என்பதைக் குறித்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிவிட வேண்டும். அது தெலுங்கில் இருக்கும், மொழிபெயர்க்கவும் நாளாகும். விபத்து அறிக்கை எந்த டிரிப்யூனலுக்கு, எந்தத் தேதியில் போனது என்பதையும் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. மோதிய வண்டி நிற்காமல் போயிருந்தால் வழி வேறு. மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் தரப்படும் தொகைக்கு, அந்தப் பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பதும் தாமதத்துக்குக் காரணம். ‘கிடைப்பதில் இத்தனை சதவீதம்’ என்று பேரம் பேசிக்கொண்டு மருத்துவமனைக்கே வரும் புரோக்கர்களுக்கு இதுவே வாய்ப்பு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். விபத்தில் கணவனை இழந்த பெண்ணோ, காலை இழந்த தொழிலாளியோ புரோக்கரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

தீர்ப்பு வந்த பிறகும் நாட்காட்டி விடுவதில்லை. குறைவான தொகை என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட வேண்டும். பிரச்சினைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் அப்பீலே இல்லை. இந்த 90 நாள் தாண்டினால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கோர்ட், வக்கீல் எல்லாம் பழகிவிட்ட கட்டத்தில் கிடைக்கும் இந்தச் சலுகை, எதுவுமே தெரியாமல் கட்டிலில் கிடக்கும் முதல் ஆறு மாதத்துக்கு இல்லை. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு பதில் சொல்ல வேண்டிய முரண்பாடு இது.