துருவேறியும் சாகாத குண்டுகள்

2016 ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவன்று, ஜெர்மனி நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில் ஏறக்குறைய 54,000 மக்கள் தத்தம் இல்லங்களைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மகிழ்ச்சி நிறைந்திருக்க வேண்டிய திருநாளில் நகரின் நடுப்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. காரணம் யாது? சில நாட்களுக்கு முன் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீசிய குண்டு ஒன்று வெளிப்பட்டது. அதன் எடை 1.8 டன். நிபுணர்கள் அதைச் செயலிழக்கச் செய்த பிறகே, அன்று மாலையில் மக்கள் வீடு திரும்ப முடிந்தது.

போர் முடிந்து 71 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை காலம் மண்ணில் புதைந்து துருப்பிடித்த இரும்புக்காக ஒரு நகரமே இடம்பெயர வேண்டுமா என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். "பழைய குண்டுதானே, செத்துப்போயிருக்கும்" என்ற இந்த எண்ணமே ஆண்டுதோறும் உலகின் பல பகுதிகளில் உயிர்களைப் பறித்து வருகின்றது. ஆகவே இம்மாதம் அதைக் குறித்துச் சற்று ஆராய விரும்புகின்றோம்.

குண்டு என்பது இரு பகுதிகள் கொண்டது. ஒன்று, உள்ளே நிரப்பப்பட்ட வெடிமருந்து. மற்றொன்று, அதை வெடிக்கச் செய்யும் சிறு பொறி. வெளிக்கூட்டைத் துரு தின்றாலும் வெடிமருந்து பல பத்தாண்டுகள் தன் ஆற்றலை இழப்பதில்லை. பொறியோ நாள் செல்லச் செல்ல நலிவடைகின்றது. நலிந்த பொறி செயலற்றுப் போகும் என்று நாம் நம்புகின்றோம். உண்மையில் அது எப்போது செயல்படும் என்பதை எவராலும் கூற இயலாத நிலையையே அடைகின்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். விழுந்த உடனே வெடிக்காமல் சில மணி நேரம் கழித்து வெடிக்குமாறு செய்யப்பட்ட குண்டுகள் அப்போரில் வீசப்பட்டன. அவற்றுள் அசிட்டோன் என்னும் திரவம் அடங்கிய கண்ணாடிக் குப்பி ஒன்று உண்டு. குப்பி உடைந்ததும் அத்திரவம் ஒரு செல்லுலாய்டுத் தகட்டை மெல்லக் கரைக்கும். தகடு கரைந்ததும், அது தடுத்து நிறுத்தியிருந்த ஊசி பாய்ந்து குண்டை வெடிக்கச் செய்யும். மண்ணுக்குள் குண்டு சாய்ந்து நின்றுவிட்டால் திரவம் தகட்டை அடையாமல் போவதுண்டு. அன்று தப்பிய அத்தகடு ஆண்டுகள் பல சென்றபின் இற்று நொறுங்கும் நிலையை அடைகின்றது. அதன் பின் ஒரு சிறு அசைவே போதும்.

2010 ஜூன் 1 அன்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், இத்தகைய குண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்ய ஆயத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே அது வெடித்து, அப்பணியில் தேர்ந்த மூவர் உயிரிழந்தனர். 2019 ஜூன் மாதத்தில் அந்நாட்டின் லிம்பர்க் நகருக்கு அருகே ஒரு பார்லி வயலில், நள்ளிரவு கடந்த வேளையில், எவரும் தொடாமலேயே ஒரு பழைய குண்டு வெடித்தது. பத்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் அங்கே உண்டாயிற்று. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலோ, 2014 மார்ச்சில் வெடித்த குண்டு முதல் உலகப் போர்க் காலத்தது. கட்டடத் தொழிலாளர் இருவரை அது பலிகொண்டது. அவர்களுடைய பாட்டனார் காலத்துப் போர் அவர்களைத் தேடி வந்தது போலாயிற்று!

ஆபத்து எப்போதும் குண்டின் வடிவில் வருவதில்லை. பால்டிக் கடலில் உள்ள உசெடோம் தீவின் கரையில், ஆம்பர் எனப்படும் பொன்னிறக் கற்களைப் பொறுக்குவது மக்களின் வழக்கம். 1943 ஆகஸ்டில் அத்தீவின் பீனமுண்டே ஆயுதத்தளத்தின்மீது குண்டுகள் பொழிந்தன. அவற்றில் சில கடலில் விழுந்தன. அவற்றிலிருந்த பாஸ்பரஸ் இன்றும் சிறு கட்டிகளாகக் கரை ஒதுங்குகின்றது. பார்வைக்கு ஆம்பருக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஈரமாக இருக்கும்வரை அது வாளாவிருக்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால், ஈரம் காய்ந்து உடற்சூடு பட்டதும் தானே பற்றி எரியும். அழகிய கல் என்று எண்ணியெடுத்துக் கடுந்தீப்புண் பட்டவர்கள் உண்டு.

செல்வமும் நிபுணரும் நிறைந்த நாடுகளின் நிலையே இதுவானால், ஏழை நாடுகளின் துயரம் எத்தகையதாயிருக்கும்! லாவோஸ் நாட்டை நோக்குவோம். 1964 முதல் 1973 வரை அச்சிறு நாட்டின்மீது அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. ஒரு பெரிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளை அடக்கிய கொத்துக் குண்டுகள் அவற்றுள் மிகுதி. அவ்வாறு சிதறிய சிறு குண்டுகள் ஏறத்தாழ 27 கோடி. அவற்றில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்று கணக்கிடப்படுகின்றது. போர் ஓய்ந்த பின்னர் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் இவற்றால் மாண்டனர் அல்லது ஊனமுற்றனர்.

இச்சிறு குண்டுகளில் பல, பந்தைப்போல் உருண்டு உள்ளங்கையில் அடங்குபவை. சிறுவன் அதை எடுத்து விளையாடுகின்றான். உழவனின் மண்வெட்டி அதன்மேல் படுகின்றது. குளிர்காய மூட்டிய நெருப்பின் அடியில் அது சூடேறுகின்றது. வேறு சிலர், அது இன்னதென்று அறிந்தே எடுக்கின்றனர். ஏனெனில் பழைய இரும்புக்கு விலை உண்டு. வீட்டிலோ அரிசி இல்லை. அவர்களை அறிவிலிகள் என்று பழிக்க நமக்கு உரிமை இல்லை. பசி என்பது அச்சத்தையும் வென்றுவிடுகின்றது அல்லவா?

பழைய இரும்பின் வழியாக இவ்வாபத்து நம் நாட்டின் வாயிலையும் தட்டியதுண்டு. 2004 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் நகரில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புடன் கலந்திருந்த பீரங்கிக் குண்டுகள் ஓர் உருக்காலையில் வெடித்துத் தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர். பழைய இரும்புக் கடையில் உழைப்போரும், இராணுவத்தின் சுடுபயிற்சித் திடல்களுக்கு அருகில் ஆடுமாடு மேய்ப்போரும் இதை நினைவில் வைத்தல் நலம்.

அப்படியாயின், ஐயத்திற்குரிய பொருள் ஒன்றைக் கண்டால் நாம் செய்ய வேண்டியது என்ன? அதைத் தொடலாகாது, காலால் தள்ளவோ கல்லெறிந்து பார்க்கவோ கூடாது. நெருப்பிலோ கிணற்றிலோ போடுவது பேராபத்து. நல்லெண்ணத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்திற்குச் செல்வதும் அவ்வாறே. வந்த வழியே திரும்பி நடந்து, பிறரையும் அண்டவிடாமல் தடுத்து, இடத்தின் அடையாளத்தை நன்கு குறித்துக்கொண்டு காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எஞ்சியதை அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள். போர்க்கால நினைவுப்பொருள் என்று குண்டுகளை வீட்டு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களும், அது வெறுங்கூடு என்று உரியவர் ஆராய்ந்து உறுதி கூறாதவரை அமைதியாய் உறங்கலாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அங்கே ஏன் போனாய்?" என்ற அடிக்கு அஞ்சியே பிள்ளைகள் தாம் கண்டதை மறைக்கின்றனர். மறைத்த பொருளை மறுநாள் தோழருடன் சென்று மீண்டும் தொடுகின்றனர். ஆகவே, கண்டதை வந்து சொல்லும் பிள்ளையைக் கடியாதீர்கள், பாராட்டுங்கள். அந்தப் பாராட்டு ஓர் உயிரைக் காக்கலாம்.

இறுதியாக, பொறுக்குபவனின் கவனத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வீசியவனின் பொறுப்பை மறந்துவிடுதல் நீதியாகாது. கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008 டிசம்பர் 3 அன்று ஆஸ்லோ நகரில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. அன்றே கையொப்பமிட்டு உறுதிப்படுத்தியவற்றுள் வத்திக்கானும் ஒன்று. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய வல்லரசுகள் அதில் சேரவில்லை. நம் இந்தியாவும் சேரவில்லை. இலங்கையின் வடபகுதியில் 2009இல் போர் ஓய்ந்த பின், கணவரை இழந்த நம் தமிழ்ப் பெண்கள் பலர் மண்ணை அங்குலம் அங்குலமாய்த் துழாவிக் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இறங்கினார்கள். ஒரு நொடியில் விதைத்ததை அகற்ற ஒரு தலைமுறை முழங்காலிட்டு உழைக்க வேண்டியிருக்கின்றது. போரை எளிதாய்ப் பேசுகின்ற நாவுகள் இப்பெண்களின் கைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.