பயணச்சீட்டு எடுத்ததும் தொடங்க வேண்டியது



சபர் சென்றிருக்கும் கணவர் இரண்டாண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வருகிறார். பயணச்சீட்டு எடுத்தாயிற்று என்று துபாயிலிருந்தோ ரியாத்திலிருந்தோ செய்தி வந்த அன்றே வீடு பரபரப்பாகிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், மாவு இடித்து வறுத்து வைக்கிறார்கள். இந்த இரண்டு மாதத்திற்குள் ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட வேண்டுமே என்ற ஏக்கம் மனைவிக்கு இருக்கிறது. மாமியாருக்கு அதைவிட அதிகமாகவே இருக்கிறது. இவ்வளவு ஆயத்தங்களுக்கு நடுவே, கருவைச் சுமக்கப் போகும் உடலின் ஆயத்தம் மட்டும் எவர் நினைவிலும் வருவதில்லை.

இதில் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதற்கு அடிப்படையான நரம்புக் குழல், கரு உண்டான 28-ஆம் நாளை ஒட்டி மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரங்கள் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? “இன்னும் பத்து நாள் பார்ப்போமே” என்று பொறுத்து, பிறகு வீட்டாரிடம் சொல்லி, அதன் பிறகே மருத்துவரிடம் செல்கிறோம். அவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதித் தருகிறார். அந்த மாத்திரையால் வேறு பயன்கள் உண்டு; ஆனால் குழல் சரியாக மூடுவதற்கு உதவும் காலம் கடந்துவிட்டது. குழல் மூடாமற்போனால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவுடன் பிறக்கலாம். மண்டையோடே முழுமை பெறாமலும் போகலாம்.

இத்தகைய குறையுடன் முன்பு கருவுற்ற தாய்மார்களைக் கொண்டு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடம் அக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததென்று 1991-இல் அது அறிவித்தது. பொதுவாகப் பெண்களுக்குத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம்தான். கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே தொடங்கி, கருவுற்றபின் மூன்று மாதம் வரை உண்ண வேண்டும். முன்பு ஒரு குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தாலோ, உங்களுக்கு நீரிழிவோ வலிப்பு நோயோ இருந்தாலோ அளவு கூடும்; அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். களா நோன்பு வைத்துக்கொண்டிருப்பவர்கள் சஹர் உணவோடு உண்ணலாம்.

முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் இச்சத்து நிறைந்தவையே. ஆயினும் நாம் கீரையை வேகவைத்து வேகவைத்துச் சத்தையெல்லாம் போக்கிவிடுகிறோம். ஆகவே உணவிருக்க மாத்திரை எதற்கு என்று இருந்துவிட வேண்டாம்.

இங்கே மாமியார்களிடம் ஒரு வார்த்தை. மருமகள் தினமும் ஒரு மாத்திரை விழுங்குவதைக் கண்டு, ‘பிள்ளை வேண்டாமென்று ஏதோ சாப்பிடுகிறாள்’ என்று ஐயுறும் வீடுகள் உண்டு. அதற்கு அஞ்சியே பல பெண்கள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, பாதி நாள் மறந்தும் போகிறார்கள். அது உங்கள் பேரப்பிள்ளைக்கான மாத்திரை, தாயே! நீங்களே நினைவூட்டிக் கொடுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை உண்ட கையோடு தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச்சாறோ கொய்யாவோ நல்லது. இரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரலை அடிக்கடி சமைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். ஈரலில் வைட்டமின் ‘ஏ’ மிக அதிகம். அது மிகுந்தால் கருவுக்கே தீங்கு. ஆதலால் குழந்தையை எதிர்பார்க்கும் நாள்களில் ஈரலை விட்டுவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6.5 சதவீதத்திற்குள் கொண்டுவந்த பின்னரே கருவுறுதல் நலம். தைராய்டு குறைவும் அப்படியே. முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராய்டு நீரையே நம்பியிருக்கிறது. வலிப்பு நோய்க்கு மருந்துண்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். மருத்துவர் முன்கூட்டியே மாற்றித் தருவார்.

ருபெல்லா தடுப்பூசியைக் கருவுற்ற பின் போட முடியாது. போட்ட பின்னும் ஒரு மாதம் பொறுத்தே கருவுற வேண்டும். தமிழகத்தில் 2017-இல் நடந்த தடுப்பூசி இயக்கம் 15 வயது வரை உள்ளவர்களுக்கானது. அன்று அவ்வயதைக் கடந்திருந்த சகோதரிகள் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்திலேயே நிக்காஹ் முடித்தவர்கள் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனையை இருவருமே செய்துகொள்வது நல்லது. இருவரிடமும் அக்கூறு இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அப்படித் தெரிந்தால் கலங்க வேண்டாம். என்ன செய்யலாம் என்று கருவுறுமுன்பே மருத்துவரிடம் பேசலாம்.

இனிக் கணவருக்கு. ஆணின் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. அதாவது, விடுமுறையில் வந்து இறங்கும் நாளில் அவர் உடலிலுள்ள அணுக்கள் அங்கே பாலைவன நாட்டில் உருவானவை. ஊருக்கு வந்ததும் சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்பது காலம் தவறிய வாக்குறுதி. பயணத்திற்கு மூன்று மாதம் முன்பே விடச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் அழைக்கும்போது, என்ன சாமான் வாங்கி வர வேண்டும் என்று பேசும் முன் இதைப் பேசிவிடுங்கள்.