பரிந்துரை கடையில், பில் ஆன்லைனில்: இந்தக் கணக்கில் யாருக்கு நஷ்டம்?

சனிக்கிழமை மாலை. அடையாறு பக்கம் ஒரு புத்தகக் கடை. உள்ளே வரும் இளைஞர், "கி.ரா. படிச்சு முடிச்சிட்டேன். அதே மாதிரி வேற யாரு எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு புத்தகங்களை எடுத்து வைக்கிறார். "பூமணியோட 'வெக்கை' சின்னது, முதல்ல இதைப் படிங்க. 'அசுரன்' படம் பார்த்திருப்பீங்களே, அதோட மூலம் இதுதான். பிடிச்சிருந்தா அப்புறம் சோ.தர்மனோட 'சூல்'. ஒரு கண்மாயை வச்சு ஊரோட கதையையே சொல்லியிருப்பார்."

இளைஞர் இரண்டு அட்டைகளையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். "தேங்க்ஸ்ணே, அப்புறம் வர்றேன்." வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபடியே ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுகிறார். கொஞ்சம் பணம் மிச்சம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் புத்தகக் கடைகளுக்குப் பழகிப்போன காட்சி. அந்த இளைஞர் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் ஒரு பொருளை விலை கொடுக்காமல் எடுத்துச் சென்றிருக்கிறார். அந்தப் பொருளின் பெயர் பரிந்துரை.

ஆப்பே பரிந்துரைக்கிறதே?

பரிந்துரைக்கிறது. 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. ஏற்கெனவே விற்ற புத்தகம் மேலும் விற்க இது உதவும். பத்துப் பேர்கூட வாங்காத புதிய எழுத்தாளரின் முதல் நாவலைப் பற்றி அந்தக் கணக்குக்கு ஒன்றும் தெரியாது. தேடல் முடிவுகளின் நடுவே 'ஸ்பான்ஸர்டு' என்று பொடி எழுத்தில் வருபவை, காசு கொடுத்து வாங்கிய இடங்கள்.

கடைக்காரரின் நிலைமை வேறு. தப்பான புத்தகத்தைத் தலையில் கட்டினால், அடுத்த வாரம் அதே வாசகர் வந்து "என்னண்ணே, முப்பது பக்கம் தாண்ட முடியலையே" என்று கேட்பார். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயம்தான் பரிந்துரையின் தரத்துக்கு உத்தரவாதம்.

இதன் வலிமையைப் பெரிய நிறுவனங்களும் உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் நிறுவனத்தில் முகப்பு மேசைகளில் இடம் பிடிக்கப் பதிப்பகங்கள் பணம் கொடுத்துவந்தன. 2011-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் அந்த வருமானத்தையே வேண்டாம் என்றார். எந்தப் புத்தகத்தை முன்னால் வைப்பது என்பதை அந்தந்தக் கடை ஊழியர்களிடம் விட்டார். நஷ்டத்தில் இருந்த நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. ஜப்பானில் 2004 முதல் புத்தகக் கடை ஊழியர்களே வாக்களித்து ஆண்டுதோறும் ஒரு நாவலுக்கு விருது தருகிறார்கள். முதல் விருது யோகோ ஒகாவாவுக்குக் கிடைத்தது.

எழுத்தாளர் கடைக்கு வந்தால் என்ன லாபம்?

தமிழில் ஒரு நாவலின் முதல் அச்சு இப்போது பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான். 300 பிரதிகள் என்றே வைத்துக்கொள்வோம். கடையில் நடக்கும் சந்திப்புக்கு 30 பேர் வந்து ஆளுக்கொரு பிரதி வாங்கினால், பத்தில் ஒரு பங்கு ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

கே.கே.நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் போன்ற கடைகள் நூல் வெளியீடு, வாசகர் சந்திப்பு என்று கூட்டங்கள் நடத்திப் பெயர் பெற்றவை. பெரும்பாலும் அனுமதி இலவசம். ஆனால் இடத்துக்கு வாடகை உண்டு; மின்சாரம், டீ, மைக் எல்லாமே செலவு. வருபவர்கள் எழுத்தாளருடன் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அந்தச் செலவு முழுக்கக் கடையின் தலையில்.

தள்ளுபடி முக்கியமில்லையா?

முக்கியம்தான். மாதக் கடைசியில் அறுபது ரூபாயும் பணம்தான். நல்ல புத்தகக் கடையே இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் பெரிய வரம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் தள்ளுபடிப் போட்டியில் இருக்கிறது. பெரிய தளம் ஒரு பொருளில் விடுவதை இன்னொரு பொருளில் பிடித்துவிடும். புத்தகம் மட்டுமே விற்கும் கடைக்கு அந்த வசதி கிடையாது. இதைத் தடுக்கத்தான் பிரான்ஸ் 1981-இல் சட்டம் கொண்டுவந்தது. அங்கே புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. பிரிட்டனிலும் விலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1990-களில் அது முடிவுக்கு வந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. அதனால் இங்கே முடிவு வாசகரின் கையில்தான்.

ஒரு கடை போனால் என்ன போகும் என்பது சென்னைக்குத் தெரியும். 1987-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க், ஒரு தலைமுறைக்கே சந்திப்பு இடமாக இருந்தது. சுதந்திர தினத்தன்று அது நடத்திய க்விஸ்ஸுக்கு நகரமே திரண்டது. அந்தக் கடை இன்று இல்லை. சில கடைகள் இன்னும் தாக்குப்பிடிப்பதை வாசகர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைகள் செய்ய வேண்டியது என்ன?

பொறுப்பு வாசகருக்கு மட்டும் இல்லை. "அந்த ரேக்குல பாருங்க" என்று கை காட்டும் கடைக்கு, பரிந்துரைக்குக் கூலி கேட்க உரிமை கிடையாது. ஊழியர்கள் படிக்க வேண்டும். பிடித்த புத்தகத்தின் கீழே இரண்டு வரி கைப்பட எழுதி, தன் பெயரும் போட்டு ஓர் அட்டை வைக்கலாம், செலவே இல்லை.

எழுத்தாளர் சந்திப்பும் பொன்னாடை, ஆறு வாழ்த்துரை, கடைசியில் ஐந்து நிமிட ஏற்புரை என்று நீளக் கூடாது. இருபது நிமிடம் எழுத்தாளர் பேசட்டும், நாற்பது நிமிடம் வாசகர்கள் கேட்கட்டும். டிராஃபிக்கில் மாட்டி வருபவருக்கு அதுதான் மரியாதை.

வாசகருக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: எங்கே கேட்டுத் தெரிந்துகொண்டோமோ, அங்கேயே வாங்குவது. தானாகத் தேடிக் கண்டுபிடித்ததை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். பட்ஜெட் இடித்தால், இரண்டில் ஒன்றையாவது கடையில் வாங்கலாம். அந்த இளைஞரும் 'வெக்கை'யை மட்டும் கடையில் வாங்கியிருந்தால், அடுத்த வாரம் 'சூல்' பற்றிக் கேட்கப் போகும்போது தயக்கமே இருந்திருக்காது.