பொருந்தாத காப்பு

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து எங்கள் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வரும் பெண்களிடம், காப்பு பொதிந்த ரைடிங் ஜாக்கெட் ஏன் அணியவில்லை எனக் கேட்பதுண்டு. “என் அளவுக்குக் கிடைக்கவில்லை, டாக்டர்” என்பர், பருத்த உடல்வாகுடைய சிலர். அது சாக்கன்று. கடையில் தொங்குபவை பெரும்பாலும் ஆண்களின் அளவில் வெட்டியவை. மார்புக்கும் இடுப்புக்கும் ஏற்பப் பெரியதை எடுத்தால் தோள் தொங்கும். முழங்கைக் காப்பு முன்கைக்கு வழுக்கிவிடும். விழும்போது சாலையில் மோதுவது வெறும் மூட்டே. எடையைக் குறையுங்கள் என்பது இதற்கு மறுமொழியாகாது. நாளைக் காலையும் அவர் வண்டி ஓட்டியாக வேண்டும்.

பெண்களுக்கென வெட்டிய பெரிய அளவைக் கூச்சமின்றிக் கேளுங்கள். இல்லையெனில் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். இடுப்பருகே விரியும் ஜிப் இருப்பது நல்லது. அணிந்து, வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றிய நிலையில் முழங்கைக் காப்பைத் திருகிப் பாருங்கள். நகர்ந்தால் வாங்க வேண்டாம்.