கிருமியின் மூன்று புரதங்கள்

1881ஆம் ஆண்டு மே மாதத்திலே, பிரான்சு தேசத்துச் சிற்றூரொன்றில், அந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய்க்கு லூயி பாஸ்டர் ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றிக் காட்டிய வரலாற்றை மாணவர் பலரும் அறிவர். தென்னாபிரிக்காவில் 1937ஆம் ஆண்டு மாக்ஸ் ஸ்டேர்ன் செய்த காரியத்தை அறிந்தோர் சிலரே. மேலுறையற்ற கிருமி வகையொன்றை அவர் பிரித்தெடுத்தார். இன்றுங் கால்நடைகளுக்குப் பெரும்பாலும் ஏற்றப்படுவது அவ்வகையே.

எனினும் அஃது உயிருள்ள கிருமி. வெள்ளாடுகளுக்குச் சில வேளைகளில் அதனாலேயே வீக்கமுண்டாகும். அதே நாட்களில் பெனிசிலின் கொடுத்துவிட்டாலோ, ஏற்றிய கிருமி மாண்டு ஊசி பயனற்றுப்போம். இரண்டொரு ஆடுகளை நம்பி வாழும் ஏழைக்கு இஃது அற்ப நட்டமன்று.

இங்கேதான் புரத ஆய்வு துணைக்கு வருகின்றது. இக்கிருமியின் நஞ்சு மூன்று புரதங்களாலானது. ஒன்று உயிரணுவின் வாயிலைத் திறப்பது. ஏனைய இரண்டும் அவ்வழியே உட்புகுந்து கேடு விளைப்பன. வாயில் திறக்கும் புரதம் தனித்து நின்றால் தீங்கு செய்யாது. உடல் அதற்கு எதிர்ப்பொருளை ஆக்கிக்கொண்டால், மற்றை இரண்டும் வெளியிலேயே நின்றுவிடும். கள்வனுக்குக் கதவு திறப்பவனையே காவலுக்குப் பழக்கும் உபாயம் இது!

அப்புரதத்தை மட்டும் வேறு பற்றீரியாவில் விளைவித்து வெள்ளாடுகளுக்கு ஏற்றியும் பார்த்துள்ளனர், எதிர்ப்பொருள் தோன்றியது. ஆயினும் துணைமருந்து சேர்த்துப் பன்முறை ஏற்றவேண்டியிருப்பதால், ஸ்டேர்னின் மலிவான ஊசி இன்னும் ஓய்வு பெற்றிலது.