கிணற்றில் ஆள் இறங்கும் முன் குழாய் இறங்கட்டும்

கோடையில் கிணற்று நீர் கீழே போனதும் தூர்வாரும் வேலை தொடங்கிவிடும். விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்தியும் கூடவே வரும்.

2025 ஏப்ரல் 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில், கங்கௌர் விழாவுக்காக ஊர்க் கிணற்றைச் சுத்தம் செய்தபோது 8 பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில், சாணக் கழிவு நிறைந்த பழைய கிணற்றில் விழுந்த பூனையைக் காப்பாற்றப் போய் 5 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் சத்தீஸ்கரின் ஜாஞ்ச்கிர் சாம்பா மாவட்டத்தில், கிணற்றில் விழுந்த மரத்தை எடுக்க ஒருவர் இறங்கியதில் தொடங்கி 5 உயிர்கள் போயின.

முதலில் ஒருவர் மயங்குகிறார். அவரைத் தூக்க மகனோ, தம்பியோ, பக்கத்துத் தோட்டத்துக்காரரோ இறங்குகிறார். சாவு எண்ணிக்கை கூடுவது இப்படித்தான். நம் ஊர்க் கிணறுகளிலும் இதே ஆபத்துதான்.

விளக்கு சொல்லாதது

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சுடர் அணையும். கிணற்றுக்குள் வைத்து ஓட்டிய ஆயில் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடு, காற்றில் 0.12 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவில் விளக்கு நன்றாகவே எரியும். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது. சாணமும் சேறும் அழுகிய இடத்தில் மீத்தேன் இருந்தால் விளக்கே தீ விபத்துக்குக் காரணமாகிவிடும்.

மூக்கையும் நம்ப முடியாது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டதாக எண்ணக் கூடாது.

கருவியை இயக்கும் முறை

பம்பும் உறிஞ்சு குழாயும் உள்ள கையடக்க வாயு அளவி, நீங்கள் மேலே நின்றபடியே கிணற்றின் அடிக்காற்றை இழுத்து அளந்து சொல்லும். வழக்கமான நான்கு வாயுக் கருவி ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றைக் காட்டும்.

* ஓடும் இன்ஜினுக்குத் தள்ளி, திறந்தவெளியில் கருவியை இயக்குங்கள். ஆக்சிஜன் 20.9 காட்ட வேண்டும்.
* குழாயின் நுனியை விரலால் அடையுங்கள். பம்ப் திணறி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். எழுப்பாவிட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது. கருவி அளப்பது உங்கள் காலடிக் காற்றைத்தான்.
* குழாயைக் கயிற்றோடு கட்டி இறக்குங்கள். நுனி தண்ணீரைத் தொடக் கூடாது. நீர் தடுக்கும் வடிகட்டி இல்லாமல் இறக்கவே கூடாது.
* மேல், நடு, அடி என்று பல மட்டங்களில் அளந்து பாருங்கள். மீத்தேன் காற்றைவிட லேசானது. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கனமானவை.
* ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருங்கள். குழாயின் ஒரு மீட்டருக்குச் சுமார் 3 விநாடி, அதோடு சென்சார் நிலைபெற ஒன்றிரண்டு நிமிடம். 20 மீட்டர் குழாய் என்றால் ஒரு மட்டத்துக்கு 2 முதல் 3 நிமிடம் ஆகும். கருவியின் கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே இருந்தாலோ, கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜன் சல்பைடோ எச்சரிக்கை ஒலி எழுப்பினாலோ, எரியும் வாயு வெடிக்கும் எல்லையில் 10 சதவீதத்தைத் தொட்டாலோ ஆள் இறங்கக் கூடாது. புளோயரால் நல்ல காற்றை அடிவரை செலுத்திவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். சேற்றைக் கிளறும்போது புதிதாக வாயு கிளம்பும். அதனால் வேலை முடியும்வரை அளந்துகொண்டே இருங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நான்கு வாயுக் கருவி கார்பன் டை ஆக்சைடை அளக்காது. அந்த வாயு 4 சதவீதம் கலந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆனால், அப்போதும் ஆக்சிஜன் 20 சதவீதத்துக்கு அருகிலேயே நிற்கக்கூடும், ஒலி எழாது. கிணற்று வேலைக்கு வாங்கும் கருவியில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரும் இருக்கட்டும். அது இல்லாத கருவியில், 20.9-லிருந்து ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

யார் வாங்குவது?

சிறு விவசாயி தனியாக வாங்கும் விலையில் இந்தக் கருவி இல்லை. விலையைவிடப் பெரிய சிக்கல் பராமரிப்பு. பயன்படுத்தும் முன் சோதனை வாயு செலுத்திப் பார்க்க வேண்டும். குறித்த காலத்தில் அளவீடு சரிசெய்ய வேண்டும். சில ஆண்டுகளில் சென்சார் தேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பீரோவிலிருந்து எடுக்கும் கருவி, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டும்.

தொழிற்சாலைத் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது. கழிவுநீர்த் தொட்டிக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தோட்டத்துக் கிணறு இந்த இரண்டிலும் வராது. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்கு விடுகிறது. அந்தப் பட்டியலில் வாயு அளவி, புளோயர், முக்காலி, இடுப்புப் பட்டை நான்கையும் ஒரே தொகுப்பாக, பயிற்சி பெற்ற ஆளோடு சேர்த்தால் ஒன்றியம் முழுவதற்கும் பயன்படும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதைச் செய்யலாம். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். கள அலுவலர்கள் தூர்வாரும் பருவத்துக்கு முன்பே செயல்விளக்கம் நடத்தலாம்.

கருவி வரும்வரை, பயன்பாட்டில் இல்லாத கிணற்றிலோ சாண எரிவாயுக் கலனிலோ யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மேலிருந்தே காற்றைச் செலுத்துங்கள். கயிறு கட்டியிருந்தால் இழுங்கள். பின்னாலேயே இறங்க வருபவர் யாராக இருந்தாலும் பிடித்து நிறுத்துங்கள். இரண்டாவது உயிர் அங்கேதான் காப்பாற்றப்படும்.