தலைக்கட்டு வரியும் பிடியரிசியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவியில் எங்கள் சந்துக்குள் நாலு பேர் இரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஊரில் அம்மன் கொடை. தலைக்கட்டுக்கு ஆயிரத்து ஒரு ரூபாய் வரி. எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்து இட்லி விற்கும் அக்கா, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். வேலை போய் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கும் ஒருவர் கைமாற்று வாங்கிக் கட்டினார். சந்தில் ஒரு வீடு பாக்கியில்லை.

தோழர்களே, இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. சாமி உண்டா இல்லையா என்ற வழக்கை வேறொரு நாள் பேசுவோம். என் வியப்பு வேறு. முந்நூறு குடும்பம் உள்ள ஓர் ஊர், ஒரே மாதத்தில், அதிகாரி இல்லாமல், ஜப்தி நோட்டீசு இல்லாமல், மூன்று இலட்சம் ரூபாய் சேர்த்துவிடுகிறது. இந்தத் திறமை உள்ள மக்கள், அதே ஊரில் மிளகாய் காயப்போட ஒரு களத்துக்கும், மூட்டையை அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கிக்கும் ஏன் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்? மூன்றாம் நாள் வில்லுப்பாட்டு முடிந்து ஒலிபெருக்கியை அவிழ்த்த பிறகு ஊரில் மிஞ்சுவது என்ன? பள்ளி முடித்த பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாதர் வண்டிக்கு வந்து நிற்பதுதான். இரயில்வேயில் இருபது ஆண்டாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். முகம் மாறுகிறது, பெட்டி மாறவில்லை.

நம் சீமையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது மதுரைக்குத் தெற்கே விருதுநகர்ச் சந்திப்பைத் தாண்டித்தானே போகிறோம்? அதன் பழைய பெயர் விருதுப்பட்டி. பெயரிலேயே பட்டி. வற்றாத ஆறு கிடையாது, பெரிய பாசனம் கிடையாது, கரிசல் காடு. அந்த ஊர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வற்றலுக்கும் தமிழ்நாட்டுக்கே விலை சொல்லும் சந்தையானது எப்படி?

அரசாங்கம் கொண்டுவந்து கொடுத்ததல்ல. அங்கே கடை போட்ட நாடார் வணிகர்கள், கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுத்து நிறுத்தப்பட்டவர்கள். பக்கத்துச் சிவகாசி 1899-இல் சூறையாடப்பட்டு வீடுகள் எரிந்தன. வழியில் வண்டியை மறித்துக் கொள்ளையடிப்பது சாதாரணம். அப்படிப்பட்ட நிலையில் அவர்கள் கட்டிய முதல் அரண் பேட்டை. மதில் எழுப்பிய வளாகம். உள்ளே வண்டி நிறுத்தலாம், மாட்டைக் கட்டலாம், சரக்கை இறக்கி வைக்கலாம். அதற்குப் பணம்? விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறுதொகை எடுத்து வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். ஒவ்வொரு கடைக்காரன் பேரேட்டிலும் மகமைக்குத் தனிப் பற்றுவரவு. அந்தப் பணம் ஊர் உறவின்முறைக்குப் போகும். பேட்டையாகவும் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளியாகவும் திரும்பி வரும்.

பேட்டையின் அருமையை நம்மவர்கள் சரியாக எடைபோடுவதில்லை. அது திருட்டுப் பயத்துக்குக் கட்டிய மதில் மட்டுமல்ல. சரக்கைப் பத்திரமாக வைக்க இடம் உள்ளவன், இன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து தப்பிவிடுகிறான். நம் ஊரில் என்ன நடக்கிறது? பறித்த வாரமே மிளகாயை மண்டிக்கு ஏற்றுகிறோம். எல்லாரும் ஒரே வாரத்தில் ஏற்றுவதால் விலை விழுகிறது. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவரே மண்டிக்காரராக இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டு மாதம் கழித்து அதே மிளகாயை நம் வீட்டுக் குழம்புக்கு இரட்டை விலை கொடுத்து வாங்குகிறோம். மும்பையிலிருந்து மகன் அனுப்பும் பணம் அந்த இடைவெளிக்குள்தான் போய் விழுகிறது. நாம் அனுப்புவதில் பாதி, ஊரில் ஒரு கூரையும் நாலு சுவரும் இல்லாததற்குக் கட்டும் அபராதம்.

பள்ளிக்கு வந்த கதை இன்னும் அழகு. விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. அதை நடத்தப் பிடியரிசி. அன்றாடம் உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பட்டினி இல்லை. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராசர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் பிடியரிசியை மறந்தவரல்ல என்றே நான் நினைக்கிறேன். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சும் கட்டடமும் சீருடையும் கொடுத்தார்கள். கல்வித்துறைக்குத் தலைமை வகித்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்து அதை நடத்திக் காட்டினார்.

அதே வட்டாரத்திலிருந்து சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். நம்மைப்போல் வடக்கே போனவர்கள்தாம். தொழிலைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பதுதான் வித்தியாசம். தூத்துக்குடியில் 1921-இல் தொடங்கிய நாடார் வங்கி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறி இன்றும் நடக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் நான் தொழிற்சங்கக்காரன் அல்ல. உறவின்முறை என்ற சொல்லே உறவுக்காரர் முறை. பள்ளிக்கூடத்தில் பிற சாதிப் பிள்ளைகள் உட்காரலாம். பணப்பெட்டியின் பக்கத்தில் உட்கார முடியாது. மூட்டை தூக்கியவனுக்கு மகமைக் கணக்கில் இடம் இல்லை. பிடியரிசி போட்ட பெண்ணின் கை இருக்கிறது, கையெழுத்து இல்லை. சிவகாசியில் தொழில் வளர்ந்தது; கூலி துண்டுக்கணக்காகவே நின்றது. குழந்தைகள் தீக்குச்சி அடுக்கினார்கள். மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஊர் வளர்ந்தது என்று சொல்லும்போது, ஊரில் யார் என்று கேட்காமல் கைதட்ட முடியுமா? பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கவே 1927-இல் மகாடுக்கு அண்ணல் அம்பேத்கர் ஊர்வலம் நடத்த வேண்டியிருந்த நாடு இது. பொதுப்பணம் என்று எழுதிவிட்டால் அது தானாகப் பொதுவாகிவிடாது.

சாதிக் கதவு இல்லாமலும் செய்யலாம். மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. ஊராட்சி மிச்சம்பிடித்த பணம் கொஞ்சம், மீதி வங்கிக் கடன். தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் பார்த்தார்கள். அங்கே காற்றாலைக்குச் சொந்தக்காரர் ஊராட்சி. வாக்குச்சீட்டு உள்ள எவரும் கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழுக்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். படிக்காத பெண்கள்கூட, யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

உரக்கப் படிப்பதன் அருமை எனக்குப் பட்டுத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் படிப்பகம் கட்ட இங்கே பணம் திரட்டினோம். நான்தான் செயலாளர். வரவைத் துண்டுத்தாளில் எழுதினேன். அலுவலகத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் வீட்டுக்குப் போகமாட்டேன். சங்கத்தில் மட்டும் "நம்மவர்கள்தானே" என்று இருந்துவிட்டேன். ஒரு காசும் திருட்டுப் போகவில்லை. ஆனால் ஒருவர் கேட்டபோது காட்டுவதற்குப் பேரேடு இல்லை. அத்தோடு படிப்பகம் அஸ்திவாரத்தில் நின்றது. அதில் இன்று ஆடு கட்டுகிறார்கள்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. தாராவியில் 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டுக்கு முன் வந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள் வீடு. மாடியில் இருப்பவரும் பின்னால் வந்தவரும் வெளியே போக வேண்டும் என்பது திட்டம். மாடியில் இருப்பது யார்? நேற்று முந்தானையை அவிழ்த்து வரி கொடுத்தவர்தான். இங்கே உரிமைக்குப் போராட வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஊரில் ஒரு கால் ஊன்ற இடம் இருப்பவன் இன்னும் நிமிர்ந்து போராடுவான் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு யோசனை. கொடை வரியை நிறுத்த வேண்டாம். நூற்றுக்குப் பத்து ரூபாயை மகமையாகப் பிரித்து, மூவர் கையெழுத்தில் வங்கிக் கணக்குத் தொடங்குவோம். மூவரில் ஒருவர் பெண், ஒருவர் ஊரில் நிலமில்லாத குடும்பம். கொடைப் பந்தலில் வரி வாங்காமல் ஒதுக்கி வைத்திருக்கும் தெருவும் இதில் உறுப்பினர். அதற்குச் சம்மதமில்லாத ஊருக்கு இந்த யோசனை இல்லை. முதல் வேலை களமும் கிட்டங்கியும். கட்டடத்தை ஊராட்சிப் பெயரில் எழுதிவிட வேண்டும். மூட்டை தூக்குபவரின் கூலியும் அங்கேயே பலகையில் எழுதித் தொங்க வேண்டும்.

இதை இட்லிக்கார அக்காவிடம் சொன்னேன். எட்டாவது படித்தவர்; கடன் கணக்கை ஒரு கோடு போட்ட நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருப்பவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கு நான் எழுதுதேன் தம்பி. ஆனா பேங்கு புத்தகம் தலைவர் வீட்டுல இருக்கப்படாது."